வெள்ளைச் சதுரத்துக்குள் சிலுவை

முதல் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட ஒற்றை இறக்கைச் சண்டை விமானம் ஃபோக்கர் ஐண்டெக்கர். அதைச் சின்ன மாதிரியாகச் செய்கிறவர்களுக்குத் தகராறு நிறத்தில்தான். அந்தக் காலப் படச்சுருள் மஞ்சளைக் கருப்பாக்கும், நீலத்தை வெளுப்பாக்கும். சரி, நேரில் பார்க்கலாமென்றால், 1916 ஏப்ரல் 8இல் மூட்டத்தில் வழிதவறி பிரிட்டிஷ் தளத்தில் இறங்கிப் பிடிபட்ட விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் துணியுரிந்த எலும்புக்கூடாக நிற்கிறது. துணியோடு குறியும் போச்சு.

குறியில் மட்டும் சந்தேகமில்லை: வெள்ளைச் சதுரத்துக்குள் கருப்பு இரும்புச்சிலுவை. கீழேயிருக்கும் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதென்று 1914இல் வந்தது. 'இவன் நம்ம ஆள்' என்று அரசு தரும் அத்தாட்சி.

அந்த அத்தாட்சியின் கீழ் பறந்தவர்தான் வில்ஹெல்ம் ஃபிராங்க்ல். யூதராகப் பிறந்தவர். 1916 ஆகஸ்டில் பிரஷ்யாவின் உயர்ந்த போர்விருதான 'பூர் ல மெரீத்' அவருக்குக் கிடைத்தது. 1917 ஏப்ரல் 8இல் வான்சண்டையில் செத்தார். பின்னால் வந்த நாஜிகள் விருதாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். சிலுவையை அடிக்கவில்லை, வேறு வடிவில் தங்கள் விமானங்களுக்கும் போட்டுக்கொண்டார்கள். செத்தவன் கூட 'நம்ம ஆள்' இல்லையாம்.

1973இல் பெயர் திரும்பி வந்தது. கொடுத்தது மேற்கு ஜெர்மன் விமானப்படை. சூட்டியது நோய்பர்க்கில் இருக்கும் ஒரு படைமுகாமுக்கு.