சலவை ரசீதும் மென்பொருள் நிபந்தனையும்

தியாகராய நகரில் வாங்கிய புதுச் சேலையைச் சலவைக்குப் போடுகிறோம். ரசீதிலுள்ள பொடி எழுத்துகளை யார் படிக்கிறார்கள்? மென்பொருளின் பல பக்க நிபந்தனைகளைப் படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துவதும் அப்படித்தான். படிக்காத நிபந்தனை நம்மைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி பழையது. இங்கிலாந்தில் ரயில் நிலையக் காப்பறையில் வைத்த பை ஒன்று தொலைந்தது. 10 பவுனுக்கு மேற்பட்ட பொருளுக்குப் பொறுப்பில்லை என்றது சீட்டின் பின்புறம். பயணி அதைப் படித்தாரா என்பதைவிட, நிபந்தனையைத் தெரிவிக்க நிறுவனம் போதிய முயற்சி செய்ததா என்பதே முக்கியம் என்று 1877-இல் நீதிமன்றம் கூறியது. 2002-இல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் வழக்கிலும் இதே அளவுகோல்தான். திரையை நகர்த்தினாலன்றிக் கண்ணில் படாத நிபந்தனை பயனாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று.

தெரிவித்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்றது சென்னை. லில்லி ஒயிட் என்ற சலவை நிறுவனத்திடம் கொடுத்த புதுச் சேலை தொலைந்தது. விலையில் ஒரு பகுதியே தருவோம் என்றது ரசீது. இதை ஏற்றால் சலவைக்காரர் புதுத் துணிகளைக் குறைந்த விலைக்குத் தமதாக்கிக்கொள்ளலாமே! அது நேர்மையின்மைக்குப் பரிசாகும். பொதுநலனுக்கு முரணான நிபந்தனை செல்லாது என்று 1965-இல் உயர் நீதிமன்றம் முடிவு செய்தது.

மின்னணு ஒப்பந்தம் செல்லும் என்கிறது இந்தியச் சட்டம். ஆனால் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளை மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்கள் செல்லாதவையாக்கலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே, ‘படிக்கவில்லை’ என்று சொல்லி மட்டும் நாம் தப்ப இயலாது. ‘ஒப்புக்கொண்டீர்களே’ என்று சொல்லி மட்டும் நிறுவனமும் தப்ப இயலாது.