எண்ணத்தை எண்ணிப் பார்த்த வரலாறு

நம் வட்டத்தின் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. 'இவ்வரியில் இச்சொல்லை ஏன் இட்டீர்கள்?' என்று ஒருவர் வினவுவார். கவிஞர் சற்றே யோசித்துக் காரணம் கூறுவார். அவை அதை ஏற்கும். எழுதியவரைக் காட்டிலும் அறிந்தவர் யார் என்பது நம் எண்ணம். இந்நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தாண்டு நிறைவில் அதனைத் திரும்பிப் பார்த்தல் பொருந்தும்.

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக், 1690ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த மனித அறிவு பற்றிய தம் நூலில், நம் கருத்துகளுக்கு ஊற்றுக்கண் இரண்டே என்றார். ஒன்று புலன்; மற்றொன்று, மனம் தன் செயல்களைத் தானே கவனிக்கும் உள்நோக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் அகஸ்த் கோம்த் இதனை மறுத்தார். மனம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி சிந்திக்க மறுபாதி பார்த்திருத்தல் இயலாது என்பது அவர் வாதம். 1865இல் ஜான் ஸ்டூவர்ட் மில் விடை தந்தார்: எண்ணம் கடந்த மறுகணமே, நினைவு மங்குமுன் அதனைப் பார்க்கலாமே! அவ்விடையோடு உள்நோக்கு பெரிதும் பின்னோக்காயிற்று.

1879இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கிய வில்ஹெல்ம் வுண்ட் எச்சரிக்கை மிக்கவர். ஒலி, ஒளி போன்ற எளிய புலனுணர்வுகளையே உள்நோக்கால் ஆராயலாம். உயர்சிந்தனையை மொழி, தொன்மம், வழக்காறு இவற்றின் வழியேதான் அறியலாகும் என்றார். அதற்கென 1900 முதல் 1920 வரை பத்துத் தொகுதிகள் வெளியிட்டார். சிந்தனையின் தடம் மொழியில் கிடக்கிறதென்று ஆய்வுக்கூடம் கண்டவரே கூறியது கவிஞர் கருதத்தக்கது.

அவர் மாணவர் கூல்பெயின் தலைமையில் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் அவ்வெல்லையைக் கடந்தனர். கடினமான கேள்விகளைக் கேட்டு, விடை தோன்றியதும் மனத்தில் நிகழ்ந்ததைச் சொல்லச் செய்தனர். படிமம் ஏதுமற்ற எண்ணமும் உண்டெனச் சிலர் கூறினர். அமெரிக்காவில் டிச்சனரோ, பயின்ற நோக்கிற்கு அங்கும் மங்கிய புலனுணர்வுகள் தென்படும் என்றார். இரு தரப்பும் தத்தம் உள்ளத்தையே சாட்சி காட்டின. தீர்ப்பதற்கு நடுவர் இல்லை. 1913இல் ஜான் வாட்சன் உள்நோக்கையே உளவியலினின்று விலக்கக் கோரினார். பின்னர்ப் பல்லாண்டுகள் அமெரிக்காவில் நடத்தையியலே கோலோச்சியது.

மனம் மீண்டும் ஆய்வுப்பொருளானபின், 1977இல் நிஸ்பெட், வில்சன் இருவரும் ஒரு சோதனையை விவரித்தனர். ஒரு கடையில், வேறுபாடே இல்லாத நான்கு இணைக் காலுறைகளை வரிசையாக வைத்துச் சிறந்ததைத் தேரச் சொன்னார்கள். வலக்கோடியில் இருந்ததையே மிகுதியானோர் தேர்ந்தனர். காரணம் கேட்டபோது வைத்த இடத்தை ஒருவரும் குறிப்பிடவில்லை. அதுதான் காரணமோ என வினவியபோதும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தனர். நாம் கூறும் காரணங்கள் பலவும் உள்ளே கண்டவை அல்ல, அயலாரும் ஊகிக்கக்கூடிய பொதுக் கருத்துகளே என்பது அவர்தம் முடிவு.

ஆனால் 1980இல் எரிக்சனும் சைமனும் ஒரு நுட்பமான வேறுபாட்டை வலியுறுத்தினர். வேலை நடக்கும்போதே மனத்திலோடுவதை அப்படியே உரக்கச் சொன்னால் அது தக்க சான்றாகலாம்; பின்னர்க் கேட்டுப் பெறும் 'ஏன்' என்பதன் விளக்கமே பெரிதும் ஐயத்திற்குரியது.

இவ்விடத்தில் ஜான் டூயி 1910இல் வகுத்த இலக்கணம் கைகொடுக்கிறது. அவர் கருத்தில் ஆழ்ந்த சிந்தனை என்பது உள்ளே எட்டிப் பார்ப்பதன்று. தடுமாற்றத்தில் தொடங்கி, ஒரு நம்பிக்கையை அதன் ஆதாரங்களோடு வைத்துச் சோதிப்பதே அது. அச்சோதனைக்குப் பிறர் துணை வேண்டும்.

ஒருமுறை என் கவிதையின் ஒரு சொல்லுக்கு ஆழ்ந்த பொருட்காரணம் கூறி அவையின் பாராட்டைப் பெற்றேன். வீடு சென்று பழைய கைப்பிரதியைப் பார்த்தால், முந்தைய அடியைத் திருத்தியதால் எதுகை கெட, அதை ஈடுகட்டவே அச்சொல் வந்திருந்தது. நான் பொய் சொல்லவில்லை, அறியாமல் புனைந்திருந்தேன். அன்றுமுதல் அடித்துத் திருத்திய தாள்களைக் கிழித்தெறிவதில்லை. கவிஞர் கூறும் காரணம் தீர்ப்பன்று. அதுவும் ஒரு வாசிப்பே. மற்ற வாசிப்புகளோடு அதனையும் வைத்துப் பார்க்கும் இடமாக நம் வட்டம் அடுத்த பத்தாண்டிலும் விளங்குக.