சிறிய காரின் சக்கரம்

அந்தமான் தீவுகளில் மோட்டார் கார் செய்யப்படுவதில்லை. அங்கே ஓடும் ஒவ்வொரு காரும் கடல் கடந்து கப்பலில் வந்ததாகும். அதன் டயர் தேய்ந்தால் மாற்று டயரும் அவ்வழியே வர வேண்டும். 1970களில் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்தில் உழைத்தன. ஆயினும் டயர் செய்யும் ஆலை தீவுகளில் எழவில்லை. எனவே போர்ட் பிளேரில், அஃதாவது 2024 முதல் ஸ்ரீவிஜயபுரம் எனப்படும் நகரில், கடையில் கிடைத்த அளவையே பூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அது எம்மட்டும் செல்லும் என்று பார்ப்போம்.

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடருக்கு 15 அங்குலச் சக்கரம். பம்பாயில் உருவான பியட் 1100க்கு 14. சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 13. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800க்கு 12. சக்கரம் இவ்வாறு படிப்படியாகச் சிறுத்தமைக்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. சக்கரத்திற்காக வண்டியின் உடலில் குடையும் பள்ளம், பயணியின் காலுக்கும் பெட்டிக்கும் உரிய இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் 1959இல் மினி காரை அமைத்தபோது, ஏறக்குறைய பத்தடி நீளத்துக்குள் நால்வரை அமர்த்த வேண்டி, 10 அங்குலச் சக்கரத்தையே தேர்ந்தார். அத்துணைச் சிறிய டயரை டன்லப் கம்பெனி அதற்கெனவே வகுத்துத் தந்தது.

ஆனால் பெரிய சக்கரம் உருண்டு கடக்கும் குழியில் சிறிய சக்கரம் இறங்கிவிடும். நம் கட்டைவண்டிகளுக்கு உயர்ந்த சக்கரம் பூட்டியதன் நுட்பமும் இதுதான். மழை அரித்த அந்தமான் நெடுஞ்சாலையிலும், பாரதாங்கு அருகே வாகனப் படகில் ஏறும் சரிவிலும், தாழ்ந்த காரின் அடிவயிறு தரையில் உரசுமோ என்று ஓட்டுபவர் அஞ்சுகிறார். பெரிய டயரை நாடுகிறார்.

இங்கேதான் கணக்கு வேண்டும். ஆல்டோ 800இன் டயரில் 145/80 ஆர் 12 என்றிருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு இத்தனை என்ற விகிதத்தில். 12 என்பது உள்ளிருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம், அதுமட்டும் அங்குலத்தில்! (ஒரே வரியில் இருவகை அளவையைப் புகுத்தியவர்களை நாம் மெச்சுவதற்கில்லை.) பக்கச் சுவர் 116 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக 232, வளையத்தின் 305ஐக் கூட்டினால் முழு உயரம் 537. இதனிடத்தில் 155/65 ஆர் 13 பூட்டினால் உயரம் 532. அங்குலம் ஒன்று கூடியும் கார் உயரவில்லை, சற்றே தாழ்ந்தது.

மாறாக, 145/70 ஆர் 12 இருந்த காரில் 145/80 ஆர் 12 ஏறினால், விட்டம் 508இலிருந்து 537 ஆகும். கார் உயர்வதோ அதில் பாதியே. அரை அங்குலத்திற்குச் சற்று மேல். வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 53 அளவில் ஓடும். திரும்பும்போது டயர் உடலில் உராயவும் கூடும்.

2009இல் வந்த நானோவில் முன் டயரின் அகலம் 135, பின் டயரின் அகலம் 155. வளையம் நான்கிற்கும் 12. ஆகவே சென்னையிலுள்ள உறவினரிடம் டயர் வாங்கி அனுப்பச் சொல்லும் தீவு அன்பர்கள், '12 அங்குலம்' என்று மட்டும் எழுதாமல், கதவோரத் தகட்டிலுள்ள எண்கள் முழுவதையும், முன் டயரா பின் டயரா என்பதையும் எழுதுவார்களாக.