மில்க்வைற் நீலசோப் வந்த வழி

தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து இறுகினால் சவர்க்காரம். இரண்டும் இலங்கையின் வடக்கிலேயே கிடைத்த காலம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் இறங்கினால் முதலில் பளைத் தென்னந்தோப்புகள், பிறகு ஆனையிறவு உப்பளம், அடுத்தது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுத்தது அந்தத் தொழிற்சாலைதான்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் நம்பிக்கையோடு புழங்கிய பெயர் மில்க்வைற். அதன் நீலசோப் ஊர்க்கடைகளில் விற்கப்பட்டது. அவற்றில் கூட்டுறவுச் சங்கக்கடைகள் இரண்டாம் உலகப்போர்ப் பங்கீட்டுக் காலத்தில் ஊரூராகப் பெருகியவை. பெரிய நகரங்களில் பல்பொருள் அங்காடிகள் செய்த வேலையை எங்கள் கிராமங்களில் செய்தவை அவைதான். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தபோது உள்ளூர்ப் பொருள்களுக்கு நல்ல மூச்சு கிடைத்தது. 1977க்குப் பின் கதவு திறந்தது. வெளிப்பொருள்கள் வந்து குவிந்தன.

ஆனாலும் மில்க்வைற்றை வெறும் வியாபாரப் பெயராக யாரும் நினைக்கவில்லை. அதன் அதிபரை ஊர் ‘மில்க்வைற் கனகராசா’ என்றே அழைத்தது. பொருளின் பெயரே மனிதரின் முதற்பெயராகிவிட்டது. பனங்கொட்டைகளைச் சேர்த்து ஊரெங்கும் நடுவித்தவர் அவர். எழுபதுகளில் ‘மில்க்வைற் செய்தி’ என்றொரு இதழும் அவருடைய நிறுவனத்திலிருந்து வந்தது. அறிஞர் க. சி. குலரத்தினம் அதன் ஆசிரியர். ஒரு சோப் கொம்பனி ஊர் வரலாற்றையும் சமயத்தையும் அச்சடித்து வீடுகளுக்குக் கொடுத்தது. இலாபத்தில் ஒரு பங்கை மண்ணிலும் எழுத்திலும் போட்ட ஒருவரை ஊர் நம்பியதில் என்ன வியப்பு? இன்றைய விளம்பரக் கோடிகளால் அந்த நம்பிக்கையை வாங்கமுடியாது என்றே நான் நினைக்கிறேன்.

உள்நாட்டுப் போர் பரந்தன் தொழிற்சாலையை எண்பதுகளில் நிறுத்திவிட்டது. 1990 ஜூனில் யாழ்தேவி ரயிலும் நின்றது. அதன்பின் அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடைப்பட்டியலில் சவர்க்காரமும் இருந்தது. சனங்கள் பனம்பழத்தைத் தேடிப் போனார்கள். பழத்தைப் பிசைந்து, களியைத் துணியில் தேய்த்து, அலசிக் காயப்போட்டார்கள். அழுக்குப் போனது, வாசம் போகவில்லை. அந்த வாசத்துக்கு மாடு வந்து கொடியிலிருந்த சட்டையைச் சப்பிய கதை அந்த நாள்களைக் கண்ட எல்லா வீட்டிலும் உண்டு. சோப் விற்றவர் நடுவித்த அதே பனைதான் சோப் இல்லாத நாளில் துணி வெளுக்க உதவியது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு வலிகாமத்தின் கடைகளும் பட்டறைகளும் வெறுமையாகின. 2002இல் ஏ9 திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் மறுபடி திறந்தது. ஒவ்வொரு முறை திறந்தபோதும் லொறிகள் தெற்கிலிருந்து நிறைந்து வந்தன. 2013இல் யாழ் நகரில் கார்கில்ஸ் ஸ்குயார் எழுந்தது. 1844இல் தொடங்கிய கொழும்பு நிறுவனம் தன் சொந்தப் பெயர்ப் பொருள்களோடு குளிரூட்டிய தளத்தில் வந்து அமர்ந்தது. சலவைப் பொருள் தட்டில் சன்லைற் சோப் முன்னே நின்றது.

மேற்கிலும் பழைய பெரும் கடைகள் சரிந்தன. அமெரிக்காவின் சியர்ஸ் 2018இல் கடன்தீர்க்க முடியாமல் நீதிமன்றம் போனது. அதன் கென்மோர் என்ற சொந்தப் பெயர்ப் பொருள்களை நம்பித் தலைமுறைகள் வாங்கியிருந்தன. அங்கே வாங்குபவர்கள் வேறு கடை தேடிப் போனார்கள். எங்கள் ஊர்ப் பொருள்களுக்கு அப்படிச் சந்தைப் போட்டியில் நேர்மையாக நின்று தோற்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. பாதையும் மூலப்பொருளும் பறிக்கப்பட்டபின் தரம் எதைக் காப்பாற்றும்?

இந்த வரலாற்றின் காகிதங்களாவது மிஞ்சவேண்டும். ‘மில்க்வைற் செய்தி’ இதழ்கள் சில நூலகம் இணையத் தளத்தில் ஏறியிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஓர் இதழோ பழைய சோப் உறையோ கடை பில்லோ கிடந்தால், தயவுசெய்து எரிக்காதீர்கள். அந்தத் தளத்தை நடத்தும் நூலக நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள்.