கோப்பு கேட்கும் படிவம்

மனுவின் அடியில் 'இணைப்பு: 3' என்று எழுதிப் பழகிய நமக்கு, வலைப்பக்கத்தில் கோப்பை இணைக்கச் சொல்லும் பொத்தான் அந்நியமாகப் படுவதில்லை. அதற்கொரு வரலாறு உண்டு என்பது மறைந்துபோவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறை ஏழு பிட் எழுத்துகளை மட்டுமே சுமந்தது. 128 இடங்கள், அவ்வளவுதான். ஆங்கில எழுத்துக்கு இடமுண்டு. படத்துக்கும் ஒலிக்கும் நம்ம தமிழுக்கும் கிடையாது. உள்ளே வர வேண்டுமானால் அவை ஆங்கில எழுத்தாக வேஷம் கட்டியாக வேண்டும். 1992 ஜூனில் போரன்ஸ்டைனும் ஃப்ரீடும் வெளியிட்ட 'மைம்' இவ்வேஷத்தை முறைப்படுத்தியது. மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகும். எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். மையத்தோடு பேச விளிம்பு கொடுக்கும் கூலி என்றே இதை வாசிக்கிறேன்.

1995 நவம்பரில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் நெபலும் மாசின்டரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 1867 என்ற ஆவணம், மைமின் பலபகுதி வடிவத்தைக் கடன் வாங்கி, வலைப்படிவத்துக்குக் கோப்புப் பெட்டியைத் தந்தது. இங்கே வேஷம் தேவைப்படவில்லை. கோப்பு உள்ளபடியே போகலாம். ஆனால் வேறொரு கேள்வி எழுந்தது: கோப்பை எடுப்பது யார் கை? பயனர் வெளிப்படையாகச் சொல்லாத எந்தக் கோப்பையும் உலாவி அனுப்பக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத புலம் எதுவும் கோப்பைச் சுட்டக் கூடாது என்றது அதே ஆவணம். கேட்கும் அதிகாரத்துக்கு வீட்டு வாசலில் போட்ட கோடு அது. பின்னாளில் உலாவிகள், கோப்பு இருக்கும் உண்மையான இடத்தைப் பக்கத்துக்குச் சொல்லாமல், சி டிரைவில் 'ஃபேக்பாத்' என்றொரு பொய்ப் பாதையைச் சொல்லத் தொடங்கியதும் இக்கோட்டைக் காக்கத்தான். சி டிரைவே இல்லாத கணினியிலும் இந்தப் பொய்தான்!

இன்று இந்தப் பெட்டியை யாரும் முதலிலிருந்து கட்டுவதில்லை. ஆயத்தக் கூறாக எடுத்துச் செயலியில் பொருத்திவிடுகிறார்கள். இவற்றில் பல, கோப்பைத் தேர்ந்தெடுத்த கணமே அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. 'சமர்ப்பி' என்பதை நாம் அழுத்தும்வரை காத்திருப்பதில்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சம்மதத்தின் இடம் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது. மனசு மாறிப் பெருக்கல் குறியைத் தொட்டால் திரையிலிருந்து பெயர் போகும். வழங்கியில் இறங்கிய நகல் போகுமா என்பது செயலியை எழுதியவர் கையில்.

கொடுக்காத மனுவின் இணைப்பு மட்டும் அலுவலகத்தில் தங்கிவிடுகிறது. 1995இன் கோடு தேர்வைக் காத்தது. திரும்பப் பெறுவதைக் காக்கும் கோட்டை இனி இக்கூறுகளை எழுதுகிறவர்கள்தான் போட வேண்டும்.