ஒரு சீட்டும் பல பாதைகளும்



எருக்கலம்பிட்டி மன்னார்த் தீவில் உள்ள பழைய ஊர். அத்தீவின் ஊடாக ஒரு காலத்தில் 'போட் மெயில்' ஓடியதை முதியோர் மறவார். 1914 ஆம் ஆண்டு தொடங்கிய அப்பயணத்தில், சென்னையிற் சீட்டு வாங்கியவர் தனுஷ்கோடி வரை தென்னிந்திய இரயில்வேயில் வருவார். கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குவார். இலங்கை அரசாங்கப் புகையிரதத்திற் கொழும்பு சேர்வார். பாதைகளுக்கு உரியவர் வெவ்வேறானவர், இடையிலே கடல். ஆயினும் பயணியின் கையிலிருந்த சீட்டு ஒன்றே.

இதனையொத்த எண்ணமொன்று, எதிர்கால இணையத்தை வகுக்க முனைந்த அறிஞரிடத்தும் தோன்றியது. அதற்குக் காரணம் யாது?

1969 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பு, 1983 சனவரி 1 அன்று பழைய விதிகளைக் கைவிட்டு இன்றைய இணைய விதிகளுக்கு மாறிற்று. அன்று அதில் இணைந்திருந்த கணினிகள் சில நூறே. இன்று அத்தகைய மாற்றம் எளிதன்று. முகவரிப் பஞ்சம் தீர்க்கும் ஆறாம் பதிப்பு விதி 1998 இல் வகுக்கப்பட்டும், நான்காம் பதிப்பு இன்னும் விடைபெறவில்லை. உரிமையாளர் பலர், எல்லோரும் மாறாவிடில் ஒருவர் மட்டும் மாறிப் பெரும்பயன் இல்லை.

2005 இல் தொமஸ் அண்டர்சன், லரி பீற்றர்சன், ஸ்கொட் ஷெங்கர், யொனதன் ரேணர் ஆகிய நால்வர் இதற்கு ஒரு வழி கூறினர். ஒரே கணினியைப் பல கணினிகள்போல இயக்கும் முறையை ஐபிஎம் நிறுவனம் 1972 இலேயே வெளியிட்டிருந்தது. அவ்வாறே ஒரே கம்பியையும் கருவியையும் பங்கிட்டு, அவற்றின்மேல் பல மெய்ந்நிகர் வலையமைப்புகளை நடத்தலாம் என்றனர். ஒவ்வொன்றும் தன் விதிப்படி இயங்கும். ஒன்றின் பிழை மற்றொன்றைத் தீண்டலாகாது. கம்பிக்கு உரியவர் ஒருவர், வலையமைப்பை நடத்துபவர் வேறொருவர் என இருக்கலாம். 2002 இல் தொடங்கி 2020 வரை இயங்கிய பிளானற்லாப், பல நாடுகளின் கணினிகளை இவ்வாறு பங்கிட்டு ஆராய்ச்சியாளருக்கு அளித்தது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, அவ்வழிக்குரிய சீட்டு வெறுங்காகிதமாயிற்று. பத்து மெய்ந்நிகர் வலையமைப்புகள் ஒரே கடற்கம்பியை நம்பியிருப்பின், அஃது அறும்போது பத்தும் நிற்கும். மாற்றுக் கம்பி இருந்தாலோ, மேலுள்ளதைக் கலைக்காமலே அதற்கு மாற்றிவிடலாம்.

பாதை அறுவதன் துயரை எருக்கலம்பிட்டி மக்கள் அறிவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவ்வூரவருள் பலர் புத்தளத்திற் புகலடைந்தனர். போரின் பின் மீண்டோரும் உளர். அங்கேயே தங்கினோரும் உளர். பிரிந்த உறவினரின் குரலை இன்று கம்பியும் அலையுமே சுமக்கின்றன. அவை யாருடையவை, அவற்றில் எளியவரின் பங்கு காக்கப்படுமா என்னும் வினாக்கள் அவர்களுக்கு ஏட்டளவில் நிற்பன அல்ல. எதிர்கால இணையத்தை வகுப்போர் சீட்டைப் போலவே பாதையையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.