இசட்எஃப்எஸ் சேமிப்புத் தொகுதி இடமாற்றம்

இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் பல வட்டுகளை இணைத்து உருவாக்கிய சேமிப்புத் தொகுதியை ஓர் இயங்குதளத்திலிருந்து பிரித்து மற்றொன்றில் இணைக்கும் முறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சொலாரிஸுக்காக உருவாக்கிய இம்முறைமை இன்று ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் ஆகியவற்றிலும் இயங்குகிறது.

தொகுதியின் அமைப்பு விவரம் வட்டுகளிலேயே பதிவாகிறது. ஒவ்வொரு வட்டிலும் தொடக்கத்தில் இரண்டும் இறுதியில் இரண்டுமாக, தலா 256 கிலோபைட் அளவில் நான்கு அடையாளப் பதிவுகள் இருக்கும். அதனால் வட்டுகளின் பெயரோ கேபிள் வரிசையோ மாறினாலும் புதிய கணினி தொகுதியை அடையாளம் காணும்.

பழைய கணினியில் முதலில் ‘எக்ஸ்போர்ட்’ கட்டளை தரப்படும். அது நிலுவையிலுள்ள தரவை எழுதி முடித்துத் தொகுதியை விடுவிக்கும். பின்னர் புதிய கணினியில் ‘இம்போர்ட்’ கட்டளையால் இணைக்கலாம். விடுவிக்காத தொகுதி வேறொரு கணினியின் பயன்பாட்டில் இருப்பதாகவே கருதப்படும். அதை இணைக்கக் கட்டாயப்படுத்த வேண்டும். இரு கணினிகள் ஒரே நேரத்தில் இணைத்தால் தரவு சிதையும்.

பொருந்தாமைக்கு முக்கியக் காரணம் பதிப்பு வேறுபாடு. சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளின் சொலாரிஸுக்கும், ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் ஆகியவற்றில் இயங்கும் ஓப்பன்இசட்எஃப்எஸுக்கும் பொதுவான கடைசித் தொகுதிப் பதிப்பு 28. அதன்பின் ஓப்பன்இசட்எஃப்எஸ் பதிப்பு எண்களுக்குப் பதிலாக, ஒவ்வொரு வசதியையும் தனித்தனியே சுட்டும் வசதிக் குறிகளைப் பின்பற்றுகிறது. புதிய கணினி அறியாத வசதி செயலில் இருந்தால், தொகுதியைப் படிக்க மட்டுமே முடியலாம், அல்லது இணைக்கவே முடியாமல் போகலாம். மேம்படுத்திய தொகுதியைப் பழைய பதிப்புக்குத் திருப்ப இயலாது.